அப்பாவின் டாக்சிசைக்ளின்: எப்படி விழுங்குவது, எத்தனை நாள், யாருக்கு

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 58. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, இந்த மாதம் முழுவதும் சருகு கூட்டி, அடிக்களை வெட்டிக்கொண்டிருந்தவர். ஆறு நாள் காய்ச்சலுக்குப் பிறகு மருத்துவரிடம் போனதில் உண்ணிக்காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்) என்று தெரிந்தது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், 100 மி.கி. கேப்சூல், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் நெஞ்சுக்கு நடுவே எரிச்சல், விழுங்கும்போது வலி. அதற்காக மருந்துக்கடையில் வாங்கிய இளஞ்சிவப்பு நிற வயிற்றெரிச்சல் மருந்தை மாத்திரையோடு சேர்த்தே குடிக்கிறார். "காய்ச்சல்தான் போய்விட்டதே, மாத்திரையை நிறுத்திவிடலாமா? அட்டையில் மீதி எட்டு இருக்கிறது. அம்மாவுக்கும் நேற்றிலிருந்து உடம்பு சுடுகிறது, அதை அவருக்குக் கொடுக்கலாமா?" என்பது கேள்வி.

தம்பி, நான் கடலூரிலும் புதுச்சேரியிலுமாக முப்பது ஆண்டுக்கு மேல் மருந்தாளுநராக வேலை பார்த்தவன். உங்கள் இரண்டு கேள்விக்கும் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். நிறுத்தவும் வேண்டாம், அம்மாவுக்குக் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பதற வைத்தது. எரிச்சல் மருந்தை மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கிறார் என்பது. அதை இன்றே நிறுத்துங்கள். எச்சில் விழுங்கவே வலிக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்ற அளவுக்கு வந்திருந்தால் இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கேப்சூலுக்குப் பதில் வேறு வடிவத்திலோ வேறு மருந்தாகவோ அவர் மாற்றித் தர முடியும். நீங்களாக நிறுத்துவதுதான் கூடாது.

எரிச்சலிலிருந்தே தொடங்குகிறேன். அது நோயின் குணமும் இல்லை, அப்பாவின் வயிறு கெட்டுப்போனதும் இல்லை. பெரும்பாலும் மாத்திரையை விழுங்கிய விதம்தான் காரணம்.

ஒரு கேப்சூலை எடுத்து ஈரமான உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அதன் மேலுறை கொழகொழவென்று இளகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கையைக் கவிழ்த்தாலும் சட்டென்று விழாது. உணவுக்குழாயின் உட்புறமும் அப்படி ஈரமான தோல்தான். ஒரே ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்துவிட்டால், மாத்திரை வயிற்றுக்குப் போகாமல் நடு நெஞ்சில் ஒட்டி நின்று அங்கேயே கரைகிறது. டாக்சிசைக்ளின் கரைந்த நீர் நல்ல புளிப்பு, அமிலத்தன்மை உள்ளது. மெல்லிய தோலில் மணிக்கணக்காக அமிலம் தேங்கினால் என்ன ஆகும்? புண்ணாகும்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் சித்தப்பாவுக்கு வேறொரு தொற்றுக்காக இதே கேப்சூலை எழுதியிருந்தார்கள். சீட்டில் 'இரவு' என்று இருந்தது. இரவு என்றால் படுக்கப்போகும் முன் என்று எடுத்துக்கொண்டு, பதினொரு மணிக்குச் சொம்பில் இருந்த கடைசி வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் பாயில் சாய்ந்திருக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மாரடைப்பு என்று நினைத்து ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். இசிஜியில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல் தவித்து, பிறகு குழாய் விட்டுப் பார்த்தபோது உணவுக்குழாயின் நடுவில் புண். அந்த மாத்திரையை அவர் கையில் கொடுத்தவன் நான். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்த மருந்தை யாருக்குக் கொடுத்தாலும் பெயரைச் சொல்வதற்கு முன் தண்ணீரைச் சொல்வேன்.

எனவே அப்பா இப்படிச் செய்யட்டும். மாத்திரையை நின்றுகொண்டோ, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டோ போட வேண்டும். முதலில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டு, மாத்திரையைப் போட்டு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடிக்க வேண்டும், 200 மி.லி.க்குக் குறையக் கூடாது. அதன்பின் அரை மணி நேரமாவது சாயாமல் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் இருந்தால் இன்னும் நல்லது. இரவு மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளாமல் ஏழரை, எட்டு மணிச் சாப்பாட்டோடு முடித்துவிட்டால் காலை எட்டு, இரவு எட்டு என்று பன்னிரண்டு மணி நேர இடைவெளியும் தானாக அமைந்துவிடும். வெறும் வயிற்றில் குமட்டுகிறதென்றால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடலாம், தவறில்லை. உணவோடு எடுத்தால் இந்த மருந்து உடலில் சேர்வது சற்றே குறையும். ஆனால் சிகிச்சையைக் கெடுக்கும் அளவுக்கு அல்ல.

இனி அந்த இளஞ்சிவப்பு மருந்து. வயிற்றெரிச்சல் மருந்துகள் பலவற்றில் இருப்பது அலுமினியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள். டாக்சிசைக்ளின் மூலக்கூறுக்கு ஒரு குணம் உண்டு. இத்தகைய உலோகத்தைக் கண்டால், நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல் இறுகப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு இரண்டும் ஒன்றாகி, குடல் உறிஞ்ச முடியாத பொருளாகிவிடும். அப்பா நேரம் தவறாமல் மாத்திரை போடுகிறார். அட்டையில் எண்ணிக்கை சரியாகக் குறைகிறது. ஆனால் மருந்தின் பெரும்பகுதி ரத்தத்துக்கே போகாமல் மலத்தோடு வெளியேறுகிறது. எரிச்சல் வந்ததால் எரிச்சல் மருந்து, எரிச்சல் மருந்தால் மாத்திரை வீண், மாத்திரை வீணானதால் நோய் திரும்புகிறது. பிறகு "அந்த மருந்து எங்கள் அப்பாவுக்குக் கேட்கவில்லை" என்று ஊரெல்லாம் சொல்வோம். கேட்காமல் போனது மருந்தின் குற்றமே இல்லை.

சத்துக்காக எழுதித்தரும் இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, துத்தநாகம் சேர்ந்த வைட்டமின் மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கால்சியம், எரிச்சல் மருந்து இவற்றுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புக்கு மூன்று மணி நேரமாவது. இதில் இரும்புதான் மோசம். ரத்தத்தில் சேர்ந்த டாக்சிசைக்ளினில் ஒரு பகுதி மறுபடி குடலுக்கு வந்து திரும்ப உறிஞ்சப்படுகிறது. வழியில் இரும்பு இருந்தால் அங்கேயும் பிடித்துக்கொள்ளும். அதனால் ஏழு நாள் இரும்பு மாத்திரையை ஒத்திப்போடலாமா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுவது நல்லது. பாலிலும் தயிரிலும் கால்சியம் இருக்கிறது. இதே குடும்பத்தின் பழைய மருந்தான டெட்ராசைக்ளினைப் பால் பெருமளவு முடக்கிவிடும்; டாக்சிசைக்ளினை அந்த அளவுக்குப் பாதிக்காது. இருந்தாலும் மாத்திரையைப் பாலில் விழுங்காதீர்கள். மோர் சாதத்தை மதியம் சாப்பிடட்டும்.

இந்தக் கவ்வும் குணம் தெரிந்துவிட்டால் இன்னொரு செய்தியும் தானே விளங்கிவிடும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த மருந்தைத் தயங்கித் தயங்கி எழுதுவதற்குக் காரணம் இதே கால்சியம்தான். வளரும் பல்லிலும் எலும்பிலும் கால்சியம் படியும்போது, இந்த வகை மருந்தும் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே படிகிறது. பழைய டெட்ராசைக்ளினைச் சிறு வயதில் சாப்பிட்டவர்களுக்குப் பல் மஞ்சளாக, பழுப்பாக ஆனது அப்படித்தான். டாக்சிசைக்ளின் கால்சியத்தை அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில்லை. அதனால் உண்ணிக்காய்ச்சல் போல உயிருக்கு ஆபத்தான நோயில், எட்டு வயதுக்குக் கீழான குழந்தைக்கும் சில நாட்களுக்கு மருத்துவர்கள் இதைத் தருவதுண்டு. கர்ப்பிணிக்குப் பெரும்பாலும் அசித்ரோமைசினைத் தேர்ந்தெடுப்பார்கள். இதெல்லாம் மருத்துவர் எடைபோட்டுச் செய்ய வேண்டிய முடிவு.

இந்த மருந்து மண்ணிலிருந்து வந்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர், தன்னைச் சுற்றியுள்ள பாக்டீரியாக்களைத் தடுக்கச் சுரக்கும் பொருளே இதன் மூதாதை. 1940-களில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர் அதைப் பிரித்தெடுத்தார்; 1948-இல் ஆரியோமைசின் என்ற பெயரில் அறிவித்தார்கள். அந்த ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அப்போது இயக்குநராக இருந்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்த ஆண்டிலேயே அவர் மறைந்துவிட்டார். அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையான டாக்சிசைக்ளின் 1967-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சீட்டில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் நினைவு வரும்.

இது உடலுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால், மூன்றாம் நாளில் ஏன் நிறுத்தக் கூடாது என்பதும் புரியும். வீடு கட்டும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் சாரத்தின்மேல் நிற்கிறார். சித்தாள் செங்கல்லை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தர, அவர் வாங்கி வாங்கிச் சுவர் எழுப்புகிறார். பாக்டீரியாவுக்குள்ளும் ரைபோசோம் என்ற கொத்தனார் இருக்கிறார். அமினோ அமிலங்கள்தான் செங்கல். அவற்றை ஏந்தி வந்து தருகிற சிறு மூலக்கூறுதான் சித்தாள். எழும்பும் சுவர்தான் புரதம். டாக்சிசைக்ளின் நேராகப் போய், செங்கல் கைமாறும் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. செங்கல் வந்து சேராததால் சுவர் எழும்பாது. புரதம் இல்லாமல் பாக்டீரியா பெருகாது. நம் உடல் செல்களிலும் ரைபோசோம் உண்டு, ஆனால் அதன் அமைப்பு வேறு. அதனால்தான் பாக்டீரியாவை முடக்குகிற அளவு நம்மை முடக்குவதில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கொத்தனார் சாகவில்லை, வேலை நின்றிருக்கிறது, அவ்வளவுதான். பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் மேற்சுவரையே கட்டவிடாமல் செய்து அதை வெடித்துச் சாகவைப்பவை. டாக்சிசைக்ளின் பெரும்பாலும் பெருக்கத்தை நிறுத்திவைக்கும். அப்படி நின்றுபோன கிருமிகளைத் தேடிப் பிடித்து ஒழிப்பது அப்பாவின் உடலுடைய எதிர்ப்பு ஆற்றலின் வேலை. அதற்கு நாள் வேண்டும். மூன்றாம் நாளில் நீங்கள் மருந்தை எடுத்துவிட்டால், செங்கல் மறுபடி கைமாறத் தொடங்கும். உண்ணிக்காய்ச்சலில் டாக்சிசைக்ளின் தொடங்கிய இரண்டு நாளில் காய்ச்சல் விடுவது வழக்கம். அவ்வளவு விரைவாகக் கேட்பதே மருத்துவருக்கு "நோயைச் சரியாகத்தான் கணித்தோம்" என்று உறுதி சொல்லும் அடையாளம். காய்ச்சல் விட்டால் மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். வேலை முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. சீக்கிரம் நிறுத்தியவர்களுக்கு இந்தக் காய்ச்சல் திரும்ப வருவது மருத்துவர்களுக்குப் பழகிய செய்தி.

எல்லா நோய்க்கும் ஒரே நாள் கணக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிமோனியா போன்ற சிலவற்றுக்கு முன்பு எழுதியதைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காசநோய்க்கு மாதக்கணக்கு. எனவே "எந்த ஆன்டிபயாடிக்கும் ஐந்து நாள்" என்ற கடைக்கணக்கும் தவறு, "எவ்வளவு நாள் கூடுதலோ அவ்வளவு நல்லது" என்பதும் தவறு. நாளைக் குறைக்கலாம் என்று தோன்றினால் சீட்டை எழுதியவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் சரி.

"பக்கத்துத் தெருவில் இதே காய்ச்சல் வந்தவருக்குப் பெரிய மருத்துவமனையில் இரண்டு மருந்து ஏற்றினார்கள், அப்பாவுக்கு ஏன் ஒன்றே ஒன்று?" என்று உங்களுக்குத் தோன்றலாம், இந்த மாதங்களில் இதை நிறையப் பேர் கேட்பார்கள். அது நோயின் தீவிரத்தைப் பொறுத்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஓர் ஆய்வு 2023-இல் வெளியானது. நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று உறுப்புகள் பாதித்த தீவிர உண்ணிக்காய்ச்சலில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் ரத்தக்குழாய் வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஏதாவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் தந்தது. அப்பா நடந்து போய் மருத்துவரைப் பார்த்து வந்தவர். அவருக்கு ஒரே மருந்து போதும் என்று கணித்ததில் குறை இல்லை. ஆனால் மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், பேச்சுக் குழறுதல், மாத்திரை போட்டு மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாமை, இவற்றில் எது வந்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

வீட்டில் கிடக்கும் பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலினைப் போட்டிருந்தால் ஆறு நாள் தாமதித்திருக்க வேண்டாமே என்று நீங்கள் நினைக்கக் கூடும். ஒரு பயனும் இருந்திருக்காது. உண்ணிக்காய்ச்சலின் பாக்டீரியா நம் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. பென்சிலின் குடும்பம் அங்கே போய்ச் சேராது, அது தாக்கக்கூடிய தடித்த சுவரும் இந்தக் கிருமிக்கு இல்லை. கொழுப்பில் கரையக்கூடிய டாக்சிசைக்ளின் செல்லுக்குள் நுழைந்துவிடும். ஆன்டிபயாடிக் என்பது ஒரே பெயர். உள்ளே இருப்பவை வெவ்வேறு பூட்டுக்கு வெவ்வேறு சாவி. டெங்கு, சளிக்காய்ச்சல் போன்ற வைரஸ் காய்ச்சலுக்கோ இவற்றில் எந்தச் சாவியும் சேராது. வைரஸுக்குச் சொந்தமாக ரைபோசோமும் கிடையாது, பாக்டீரியாவுக்கு உள்ளதுபோன்ற சுவரும் கிடையாது.

இங்கேதான் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியிலிருந்து தை வரை நம் பக்கத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம், டைபாய்டாக இருக்கலாம். முதல் இரண்டு நாளில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்: தலைவலி, உடம்பு வலி, சூடு. உண்ணிக்காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. புதரிலும் சருகிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிறு பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. எனவே அப்பாவிடமிருந்து அம்மாவுக்கு ஒட்டியிருக்காது. அம்மாவும் தோப்பில் அவரோடு சருகு கூட்டினாரா என்று கேளுங்கள். கூட்டியிருந்தால் அது மருத்துவருக்கு மிக முக்கியமான செய்தி.

அவர் உடலில் ஒன்றைத் தேடிப்பாருங்கள். நீங்கள் பார்க்க முடியாத இடத்தை அக்காவோ அத்தையோ பார்க்கட்டும். பீடி சுட்டதுபோல் நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்த, வலியோ அரிப்போ இல்லாத ஒரு பொருக்கு. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடா இறுகும் இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்புறம் என்று மறைவான இடங்களில் இருக்கும். வலிக்காததால் வந்தவருக்கே தெரியாது. ஆண்களுக்கு அரைஞாண் கயிற்றுக்கு அடியில் இருந்து, கயிற்றை நகர்த்திய பிறகே கண்ணில் பட்டதை நான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் வராது, இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இருந்தால் மருத்துவரின் வேலை பாதி முடிந்தது. இப்படிப் பூச்சிகள் பரப்பும் நோய்களுக்கென்றே 1975 முதல் ஓர் ஆராய்ச்சி மையம் புதுச்சேரியில் இயங்கிவருகிறது. நம் மண்ணில் இந்த நோய்கள் அவ்வளவு வேரூன்றியவை.

அப்பாவின் மீதியில் நான்கை அம்மாவுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அம்மாவுக்கு டெங்கு என்றால் மாத்திரையால் பயன் இல்லை. தட்டணுவையும் ரத்த அழுத்தத்தையும் கண்காணிக்க வேண்டிய நாட்கள் "மருந்துதான் கொடுத்துவிட்டோமே" என்ற நிம்மதியில் கழிந்துவிடும். டைபாய்டு என்றால் பொருத்தமில்லாத மருந்து கொஞ்சம் உள்ளே போய், ரத்தப் பரிசோதனையில் கிருமி வளராமல் நோயை மறைக்கலாம். உண்ணிக்காய்ச்சலாகவே இருந்தாலும் பாதி அளவு மருந்து அவருக்கு, பாதி அளவு அப்பாவுக்கு. இரண்டு பேருக்கும் முழுமை இல்லை. அம்மா வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமாசெபின் ஆகியவற்றோடு டாக்சிசைக்ளின் சேரும்போது அளவுகள் மாறும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாதது. நாம் சாப்பிடும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் நோய்க்கிருமியோடு மட்டும் நின்றுவிடுவதில்லை; நம் குடலில் குற்றமில்லாமல் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களையும் தொடுகிறது. அதில் தப்பிப் பிழைப்பவை, அந்த மருந்துக்கு மசியாதவை. இடம் காலியானதும் அவையே பெருகுகின்றன. மசியாத அந்தக் குணத்தைப் பக்கத்திலிருக்கும் வேறு பாக்டீரியாவுக்கும் கைமாற்றுகின்றன. தேவையான நோய்க்கு இந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். டெங்குவுக்கும் சளிக்கும் எதற்குக் கொடுக்க வேண்டும்? மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று 2022-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, தேவைக்குக் குறைந்த அளவில் சாப்பிட்டால் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். எட்டு மாத்திரையை இரண்டு பேருக்குப் பங்கிடுவது அந்த எச்சரிக்கைக்குள் அப்படியே அடங்குகிறது.

இந்த மாத்திரை அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பாருங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதன் அடையாளம் அது. 2016-இல் நடுவண் அரசு அதைப் பற்றிப் பெரிய விழிப்புணர்வு இயக்கமே நடத்தியது. எழுத்து பொடியாக இருந்தாலும் கோடு எல்லோர் கண்ணிலும் படும்.

வெள்ளத்துக்குப் பிறகு இந்த மாத்திரையைப் பற்றி வேறொரு பேச்சும் பரவும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்து தென்பெண்ணையும் பெருகிக் கடலூரைச் சூழ்ந்தபோது, "எலிக்காய்ச்சல் வராமல் இருக்க எல்லோரும் இதைப் போட்டுக்கொள்ளலாமா" என்று பலர் என்னிடமே கேட்டார்கள். கேரளத்தில் 2018 வெள்ளத்தில் மீட்புப் பணியாளர்களுக்கும் நீரில் இறங்கியவர்களுக்கும் வாரம் ஒருமுறை 200 மி.கி. தந்தது உண்மை. அது சேற்றிலும் தேங்கிய நீரிலும் நாள்கணக்கில் நின்று வேலை செய்பவர்களுக்கு, சுகாதாரத் துறையின் பொறுப்பில், குறிப்பிட்ட வாரங்களுக்குத் தருவது. வீட்டில் டப்பா நிறைய வாங்கி வைப்பதற்கு அதைச் சான்றாகக் காட்டக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்து சாப்பிடும் நாட்களில் தோல் வெயிலுக்குக் கூசும். கொஞ்ச நேர வெயிலிலேயே சுட்டதுபோல் சிவந்து எரியும். அப்பா இந்த வாரம் தோப்புக்குப் போகாமல் இருப்பது நல்லது. போயே ஆக வேண்டுமென்றால் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலை ஒன்பதுக்குள் திரும்பிவிட வேண்டும். தேவனாம்பட்டினத்தில் மீன் காய வைக்கும் பெண்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கும்போதெல்லாம் இதை இரண்டு தடவை சொல்வேன். குமட்டலும் லேசான வயிற்றுப்போக்கும் வரலாம். ரத்தம் கலந்த அல்லது நிற்காத பேதி வந்தால் நீங்களாகப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்காமல் மருத்துவரிடம் போங்கள். கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலும் அப்படியே. உடம்பெங்கும் தடிப்பு, உதடு அல்லது முகம் வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் அடுத்த மாத்திரை வேண்டாம், உடனே 108. பிறகு அந்த மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி வாழ்நாள் முழுக்கச் சட்டைப் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். மது அருந்தும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். நெடுநாள் பழக்கம் இருப்பவர்களின் உடலில் இந்த மருந்து விரைவாகத் தீர்ந்துபோகிறது.

ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது.

மாத்திரை அட்டையைச் சமையலறை அலமாரியிலோ ஜன்னல் மேலோ வைக்காதீர்கள். கடற்காற்றின் ஈரமும் அடுப்புச் சூடும் இந்த மருந்துக்கு ஆகாது. 1960-களில் காலாவதியாகிக் கெட்டுப்போன டெட்ராசைக்ளினைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது பதிவாகியிருக்கிறது. வீட்டில் தேடினால் எந்த ஆண்டோ வாங்கிய அட்டை ஒன்று கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். நம் எல்லோர் வீட்டிலும் கிடைக்கும். அதை மாத்திரையாக உரித்தெடுத்து, டீத்தூள் சக்கையோடு கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். கழிப்பறையிலோ கழிவுநீர் வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம்.

நாளைக் காலையிலேயே அம்மாவைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அப்பாவின் சீட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். "வீட்டுக்காரருக்கு உண்ணிக்காய்ச்சல், இவரும் அதே தோப்பில் வேலை செய்தார் (அல்லது செய்யவில்லை), முந்தாநாளிலிருந்து சூடு, இதுவரை எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை" என்று இந்த நான்கையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிளம்புவதற்கு முன் அப்பாவின் எட்டு மணி மாத்திரையை, இட்லி சாப்பிட்ட பிறகு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு நீங்களே பக்கத்தில் நின்று கொடுத்துவிட்டுப் போங்கள்.